தறிக்குழியில் தண்ணீர்

ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டால், ஆரணியில் நெசவு வீட்டார் காலையில் எழுந்ததும் தறிக்குழியைத்தான் எட்டிப் பார்ப்பார்கள். கூரை ஒழுகியிருக்காது. வாசல் வழியாக வெள்ளமும் வந்திருக்காது. ஆனாலும் குழியின் அடியில் தண்ணீர் நிற்கும். இரவெல்லாம் பெய்த மழையில் நிலத்தடி நீர் மட்டம் ஏறி, மண்ணுக்குள்ளிருந்து ஊறி வந்த நீர் அது. வாளியால் இறைத்து ஊற்றிவிட்டுக் கோணிச்சாக்கை விரித்துப் போட்டாலும், மழை விடாத நாளில் மதியத்துக்குள் சாக்கு நனைந்து மிதக்கும்.

குழித்தறி என்பது வீட்டுத் தரையைத் தோண்டி அமைத்த தறி. நெசவாளி குழியின் விளிம்பில் உட்கார்ந்து, கால்களை உள்ளே தொங்கவிட்டு மிதிகட்டையை மிதிப்பார். மிதிக்க மிதிக்க, நீளவாக்கில் கட்டிய பாவு இழைகள் மேலும் கீழுமாகப் பிரியும். அந்த இடைவெளியில் நாடா ஓடி, குறுக்கு நூலான ஊடையைக் கோக்கும். இந்தக் குழி நன்றாக யோசித்துச் செய்த ஏற்பாடு. தாழ்ந்த கூரையுள்ள வீட்டிலும் தறியைப் பொருத்திவிடலாம். சித்திரை, வைகாசி வெயிலில் இழைகள் காய்ந்து அறுந்துபோகாமல், குழியிலிருந்து எழும் லேசான ஈரப்பதம் காப்பாற்றும். பட்டு, காற்றிலுள்ள ஈரத்தை எளிதில் உறிஞ்சும் இழை. ஓரளவு ஈரம் அதற்கு நல்லது.

கோடையில் உதவும் அதே குழிதான் மழைக்காலத்தில் காலை வாரிவிடுகிறது. ஈரம் அளவுக்கு மிஞ்சினால் பட்டிழை வலுவிழந்து தொய்கிறது. பாவின் இறுக்கம் ஒரே சீராக நிற்பதில்லை. தறியின் மரம் ஊதுகிறது. சேலையின் கரைக்கும் முந்திக்கும் டிசைனைத் தரும் ஜக்கார்டு அட்டைகள் நமுத்துப்போகின்றன. ஜரிகை கறுத்துவிடுமோ என்ற பயம் வேறு. தெருவில் பாவை நீட்டிப் பிடித்து ஆற்றும் வேலையும் மழையில் நடக்காது. தறி நிற்கிறது. தறி நின்றால் கூலி இல்லை.

செய்தித்தாளில் இதற்கு இடம் கிடைப்பதில்லை. யாரும் சாகவில்லை, எந்த வீடும் இடியவில்லை. ஆனால் பேரிடர் ஆய்வு என்ற துறை சுமார் ஐம்பது ஆண்டுகளாகக் கேட்டுவரும் கேள்வி இந்தக் குழியிலேயே இருக்கிறது. ஒரே மழை ஒரு வீட்டில் நாலு நாள் ஓய்வாகவும், அடுத்த வீட்டில் நாலு வருடக் கடனாகவும் முடிவது ஏன்?

ஒரு மழை, மூன்று வீடுகள்

ஜவ்வாது மலையிலிருந்து இறங்கிவரும் கமண்டல நாகநதியின் கரையில் இருக்கிறது ஆரணி. அரிசிக்கும் பட்டுக்கும் பெயர்போன ஊர். ஊரைச் சுற்றி தேவிகாபுரம், ஒண்ணுபுரம், முள்ளிப்பட்டு, அத்திமலைப்பட்டு, சேவூர் எனத் தறிச் சத்தம் கேட்கும் ஊர்கள் பல. இவற்றில் ஏதாவது ஒரு தெருவில் மூன்று வீடுகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

முதல் வீட்டுக்காரர் கூட்டுறவு சங்க உறுப்பினர். சொந்த வீடு, தரையை உயர்த்திக் கட்டியது. குழியில் நீர் ஊறினாலும் கொஞ்சம்தான். சங்கத்தில் சேமிப்பு இருக்கிறது. மகன் வேலூரில் மாதச் சம்பளத்தில் இருக்கிறான். பத்து நாள் தறி நின்றால் இவருக்கு எரிச்சல் வரும், அடுப்பு அணையாது.

இரண்டாவது வீட்டுக்காரர் முதலாளியிடம் பாவு வாங்கிக் கூலிக்கு நெய்பவர். பட்டும் ஜரிகையும் டிசைனும் முதலாளியுடையவை. தறியும் உழைப்பும் மட்டுமே இவருடையவை. வீடு வாடகை வீடு, தெருவை விடத் தாழ்ந்த தரை. உயர்த்திக் கட்டச் சொந்தக்காரருக்கு அக்கறை இல்லை. வாடகைக்கு இருப்பவர் தன் காசைப் போட்டு உயர்த்தினால் அது அவருக்கு மிஞ்சாது. மகள் கல்யாணத்துக்கு வாங்கிய முன்பணம் முதலாளியிடம் நிற்கிறது. அதனால் வேறு இடத்தில் கூலி கூட என்றாலும் மாற முடியாது. தறி நின்ற மூன்றாம் நாள் மளிகைக் கடையில் கணக்கு ஏறுகிறது. ஒரு வாரமானால் மகளிர் குழுக் கடனின் வாரத் தவணை வந்து நிற்கும். அதைக் கட்டத் தண்டல்காரரிடம் போக வேண்டும்.

மூன்றாவது வீட்டில் தறியே இல்லை. கணவரை இழந்த ஒரு பெண், தெருவில் உள்ள தறிகளுக்குத் தார் சுற்றித் தந்து, அதாவது ஊடை நூலை நாடாவில் வைக்கும் குழலில் சுற்றித் தந்து பிழைக்கிறார். தெருவில் தறிகள் நின்றால் இவர் வேலையும் அன்றே நிற்கும். இவர் வீட்டில் குழி கிடையாது, நனைந்த பாவு கிடையாது, காட்டுவதற்குச் சேதம் எதுவும் கிடையாது. கணக்கெடுக்க வரும் அதிகாரி எவ்வளவு நல்லவராக இருந்தாலும் இந்த வீட்டைத் தாண்டித்தான் போவார்.

மூன்று கூரைகள் மீதும் ஒரே அளவு மழைதான் விழுந்தது. வித்தியாசத்தை உண்டாக்கியவை வீட்டின் உரிமை, கடனின் வடிவம், கையிலுள்ள சேமிப்பு, பதிவேட்டில் பெயர், ஆணா பெண்ணா என்பது. இவற்றுள் ஒன்றுகூட வானிலை வரைபடத்தில் வராது. இவற்றின் கூட்டுத்தொகையைத்தான் ஆய்வாளர்கள் சமூகப் பாதிப்புநிலை என்கிறார்கள்: ஓர் இடர் வந்தால் அதைத் தாங்கவும், அதிலிருந்து மீளவும் ஒரு குடும்பத்துக்கோ ஊருக்கோ எந்த அளவு முடியாமல் இருக்கிறது என்பது.

இயற்கையை மட்டும் குற்றம் சொன்ன காலம்

இந்தப் பார்வை எப்போதும் இருந்ததில்லை. வெள்ளம், புயல், நிலநடுக்கம் ஆகியவை இயற்பியலாளர்களுக்கும் பொறியாளர்களுக்கும் உரிய பாடமாகவே நெடுங்காலம் இருந்தன. 1976-இல் ஃபில் ஓ'கீஃப், கென் வெஸ்ட்கேட், பென் விஸ்னர் ஆகிய மூவர் 'நேச்சர்' இதழில் ஒரு சிறு கட்டுரை எழுதினார்கள். பேரிடர்களின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகிறது. ஆனால் பூமியின் போக்கோ வானிலையோ அந்த அளவுக்கு மாறியதற்குச் சான்று இல்லை. அப்படியென்றால் மாறியிருப்பது மனிதர்கள் வாழும் நிலை என்பது அவர்கள் வாதம். 1994-இல் பியர்ஸ் பிளெய்க்கி, டெர்ரி கேனன், இயன் டேவிஸ் மூவரும் விஸ்னருடன் சேர்ந்து எழுதிய நூல் அந்த வாதத்துக்கு ஒரு சட்டகம் அமைத்தது.

அவர்கள் பார்வையில் பேரிடர் என்பது இரண்டு அழுத்தங்களுக்கு நடுவே மக்கள் நசுங்குவது. ஒரு பக்கம் இடர்: மழை, புயல், நடுக்கம். மறு பக்கம் சமூகத்துக்குள்ளிருந்தே படிப்படியாகச் சேர்ந்து வரும் அழுத்தம். அதன் வேர், சொத்தும் அதிகாரமும் யாரிடம் இருக்கின்றன என்பது. அந்த வேரிலிருந்து காலப்போக்கில் நெருக்கடிகள் முளைக்கின்றன. அவை கடைசியில் ஆபத்தான அன்றாட நிலைமைகளாக வந்து நிற்கின்றன.

ஆரணிக்கு இதைப் பொருத்திப் பார்ப்போம். நூலும் சந்தையும் நெசவாளியின் கையில் இல்லை என்பது வேர். விசைத்தறிப் போட்டி, ஏறி இறங்கும் கச்சாப் பட்டு விலை, தறியை விட்டு வெளியேறும் இளைஞர்கள், நகரத்தில் ஏறும் வாடகை எல்லாம் நடுவே வரும் நெருக்கடிகள். கைத்தறிக்கென்று சில ரகங்களை ஒதுக்கிவைக்கும் சட்டம் 1985-இலேயே வந்துவிட்டது. ஆனாலும் விசைத்தறியில் ஓட்டிய சேலை கைத்தறி என்ற பெயரில் விற்கப்படுகிறது என்ற புகார் இன்றும் ஓயவில்லை. இவையெல்லாம் சேர்ந்து கடைசியில் தாழ்ந்த தரையுள்ள வாடகை வீட்டில், சேமிப்பில்லாத கையோடு, ஒரு குழித்தறியாக வந்து முடிகின்றன. மழை அதன் பிறகுதான் வருகிறது.

உயிர்ச்சேதம் ஏற்பட்ட இடங்களிலும் இதே கணக்குதான். 2019 டிசம்பர் 2 அதிகாலை மேட்டுப்பாளையம் அருகே நடூரில், ஒரு பங்களாவின் சுற்றுச்சுவர் கனமழையில் இடிந்து, பக்கத்தில் இருந்த தலித் குடியிருப்பு வீடுகள்மீது விழுந்து 17 பேர் இறந்தார்கள். மழை அந்தப் பங்களாவின் மீதும் பெய்தது. சுவர் எந்தப் பக்கம் விழுந்தால் யார் சாவார்கள் என்பதை, சுவர் கட்டப்பட்ட காலத்திலேயே சாதியும் நிலமும் சேர்ந்து தீர்மானித்துவிட்டன. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மறுநாள் திருவண்ணாமலையில் மலையடிவார வ.உ.சி. நகரில் மண் சரிந்து, ஐந்து குழந்தைகள் உட்பட ஏழு பேரை மூடியது. அந்தச் சரிவில் விரும்பியா வீடு கட்டினார்கள்? கிரிவலப் பாதையெங்கும் மனை விலை ஏறிப்போன கோயில் நகரத்தில், ஏழைக்கு மிஞ்சுவது மலையின் மடிதான்.

பஞ்சமும் நெசவாளியின் கையும்

நெசவாளர்களின் பாதிப்புநிலை ஆட்சியாளர்களுக்குப் புதிய செய்தி இல்லை. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும்பஞ்சத்தில், ஆரணி அடங்கிய வட ஆர்க்காடு மாவட்டமும் சிக்கியது. மழை பொய்த்தால் முதலில் அடிபடுபவர் உழவர்தானே என்று நினைப்போம். ஆனால் தானிய விலை ஏறியதும் ஒரு குடும்பம் முதலில் நிறுத்தும் செலவு புதுத்துணி. வயல் காய்ந்த சூடு ஆறுவதற்குள் தறியும் நின்றது. தன்னிடம் துணி இருந்தும், அதைக் கொடுத்து அரிசி வாங்க நெசவாளியால் முடியவில்லை.

ஒரு நூற்றாண்டு கழித்து, 1981-இல், அமர்த்திய சென் பஞ்சங்களைப் பற்றிய தம் நூலில் இதைக் கோட்பாடாக்கினார். பஞ்சம் உணவு இல்லாததால் மட்டும் வருவதில்லை. உணவைப் பெறும் வழி அடைபடுவதாலும் வரும். 1943 வங்கப் பஞ்சத்தில் அப்படித்தான் நிகழ்ந்தது என்று அவர் விளக்கினார். தன் உழைப்பையோ சரக்கையோ தானியமாக மாற்றியாக வேண்டியவர்களுக்கு, அந்த மாற்று விகிதம் சரிந்த அன்றே சோறு போய்விடுகிறது.

பெரும்பஞ்சத்தில் அரசு நிவாரணம் பெரும்பாலும் வேலையாகத் தரப்பட்டது. கல் உடைப்பது, ரோடு போடுவது, ஏரி வெட்டுவது. சென்னையில் பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதி அப்படி வெட்டப்பட்டதுதான். நெசவாளிக்கு இந்த வேலை இரட்டை இடி. கல் உடைத்த கை காய்த்துச் சொரசொரப்பாகும். பட்டிழையோ நம் தலைமுடியைவிட மெல்லியது. காய்ப்பு ஏறிய விரலில் மாட்டிக்கொண்டு அறுந்துவிடும். ஒரு மாதச் சோற்றுக்காகக் கல் உடைக்கப் போனவர், வாழ்நாள் தொழிலின் கருவியான கையைப் பணயம் வைத்தார். பின்னாளில் வந்த பஞ்ச நிவாரண விதிகள், நெசவாளர்களுக்கு அவர்கள் தொழிலிலேயே, அதாவது நூல் தந்து துணியை வாங்கிக்கொள்ளும் முறையில், உதவ இடம் கொடுத்தன. ஒரே நிவாரணம் எல்லோருக்கும் ஒரே அளவில் உதவாது என்பதை அரசாங்கம் பெருங்கஷ்டத்தைப் பார்த்துக் கற்றுக்கொண்டது.

அந்தப் பாடத்தில் பாதி இன்று மறந்துபோயிற்று. ஊரக வேலை உறுதித் திட்டம் கிராமப்புறத்துக்கானது. நகராட்சியான ஆரணியின் தெருக்களில் உள்ள நெசவாளிக்கு அது இல்லை. பக்கத்துக் கிராமத்தில் இருப்பவருக்கு உண்டு, ஆனால் மண்வெட்டி பிடித்த கை பற்றிய பழைய கவலை அங்கே காத்திருக்கிறது. பேரிடர் நிவாரண விதிகளில் கைவினைஞர்களின் கருவிக்கும் சரக்குக்கும் சில ஆயிரம் ரூபாய் தர வழி இருக்கிறது. தறி உடைந்தால் அதைக் காட்டலாம். தறி சும்மா நின்ற நாட்களை எப்படிக் காட்டுவது?

பதிவேட்டில் இல்லாதவர்கள்

2019-20-இல் எடுத்த நான்காம் அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் கைத்தறித் தொழிலில் இருப்பவர்கள் சுமார் 35 லட்சம் பேர். நெசவாளர்களில் பத்தில் ஏழு பேர் பெண்கள். நெசவுக் குடும்பங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு, மாதம் 5,000 ரூபாய்க்கும் குறைந்த வருமானத்தில் இருந்தன. மாதம் 5,000 என்றால், பத்து நாள் மழை கையிலுள்ள காசைத் துடைத்துவிடும்.

தறியில் ஆண் உட்கார்ந்திருந்தாலும் அந்தச் சேலையில் வீட்டுப் பெண்களின் வேலை கலந்திருக்கிறது. இழை பிரிப்பது, தார் சுற்றுவது, புதுப் பாவைப் பழைய பாவோடு இழை இழையாகப் பிணைப்பது என்று நாள் முழுக்க வேலை. ஆனால் சங்கத்திலோ முதலாளியின் நோட்டிலோ இருப்பது பெரும்பாலும் வீட்டு ஆணின் பெயர். நிவாரணம் பெயரைத் தேடித்தான் வரும்.

ஆண் பெண் வேறுபாடு உயிரையே வாங்கும் என்பதற்கு நம் கடற்கரை சாட்சி. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின் ஆக்ஸ்ஃபாம் அமைப்பு வெளியிட்ட அறிக்கையில், கடலூர் மாவட்டத்தில் இறந்தவர்கள் பெண்கள் 391, ஆண்கள் 146 என்று பதிவானது. அலை ஆள் பார்த்து அடிக்கவில்லை. படகில் ஆழ்கடலுக்குப் போயிருந்த ஆண்களுக்கு அந்த அலை வெறும் ஏற்ற இறக்கமாகக் கடந்துபோனது. மீனுக்காகக் கரையில் காத்திருந்த பெண்கள்மீதும், வீட்டில் குழந்தைகளோடு இருந்தவர்கள்மீதும் சுவராக எழுந்து விழுந்தது. யார் எந்த நேரத்தில் எங்கே நிற்க வேண்டும் என்று வகுத்தது கடல் இல்லை.

உறவின் பலம், உறவின் எல்லை

சமூகம் ஆபத்தை மட்டுமா உண்டாக்குகிறது? காப்பாற்றவும் செய்கிறது. 1995 ஜனவரியில் ஜப்பானின் கோபே நகரை நிலநடுக்கம் உலுக்கியபோது, இடிபாடுகளிலிருந்து உயிரோடு மீட்கப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோரை மீட்டவர்கள் அக்கம்பக்கத்தார்தான். அந்த நகரை ஆராய்ந்த அரசியல் அறிவியலாளர் டேனியல் ஆல்ட்ரிச், பின்னர் சுனாமி தாக்கிய தமிழகக் கடற்கரைக் கிராமங்களையும் ஆராய்ந்தார். ஊர்ப் பஞ்சாயத்து வலுவாக இருந்த மீனவக் கிராமங்கள் அரசிடமும் தொண்டு நிறுவனங்களிடமும் பேசி உதவியை வேகமாகப் பெற்றன, சீக்கிரம் எழுந்து நின்றன.

அதே ஆய்வில் இன்னொரு பக்கமும் வெளிப்பட்டது. பஞ்சாயத்து தயாரித்த பட்டியலில் பல இடங்களில் தலித்துகளும் விதவைகளும் விடுபட்டிருந்தார்கள். உள்ளே இருப்பவர்களை இறுகப் பிடித்த அதே கயிறு, வெளியே நின்றவர்களுக்கு வேலியாயிற்று.

ஆரணியிலும் உறவு பெரிய பலம். ஒரு வீட்டுப் பாவு நனைந்தால் எதிர்வீட்டு மேடான திண்ணைக்கு அதைத் தூக்கிப் போக நாலு பேர் வருவார்கள். மளிகைக் கடைக்காரர் பெயரைக் கேட்காமலே கணக்கில் எழுதுவார். ஆனால் தெரு முழுவதும் ஒரே தொழில் என்பதால், மழை பிடித்தால் தெரு முழுவதும் ஒரே நாளில் கை வற்றும். கைமாற்றுக் கேட்கப் போகும் வீட்டிலும் தறி நின்றிருக்கும். தெருவுக்குள் இருக்கும் உறவு மூன்று நாளைத் தாங்கும்; முப்பது நாளைத் தாங்க, தெருவுக்கு வெளியே கை நீள வேண்டும். வங்கி, சங்கம், அரசு அலுவலகம் என்று அந்தக் கை யாருக்கு எட்டுகிறது என்பதில்தான் முதல் வீட்டுக்கும் மூன்றாம் வீட்டுக்கும் உள்ள தூரம் இருக்கிறது.

குழி காய்ந்திருந்த வருடம்

2020 மார்ச் 24 நள்ளிரவு கொரோனாவால் நாடு முடக்கப்பட்டது. பங்குனி, சித்திரை, வைகாசி முகூர்த்தங்கள் அடுத்தடுத்துத் தள்ளிப்போயின. கல்யாணம் இல்லையென்றால் கூறைப்பட்டு இல்லை. கடைகள் மூட, முதலாளிகள் பாவு கொடுப்பதை நிறுத்தினார்கள். குழிகள் காய்ந்து கிடந்தன. கோடைதான் நெய்வதற்கு நல்ல காலமும்கூட. ஆனாலும் தறி நின்றது. அடிபட்டவர்களும் அதே வரிசையில்தான் அடிபட்டார்கள்: தார் சுற்றுபவர், கூலி நெசவாளி, பிறகு மற்றவர்கள். அந்த ஆண்டு மாநில அரசு நெசவாளர்களுக்கு அறிவித்த உதவித்தொகையும், பெயர் பதிவானவர்களுக்கே போய்ச் சேர்ந்தது.

பேரிடர் ஆய்வுக்கு இது அரிய சான்று. மழை, கிருமி, 2021-22-இல் கடுமையாக ஏறிய பட்டு விலை ஆகிய மூன்றும் வெவ்வேறு வகை இடர்கள். மூன்றுமே ஒரே வீட்டைத் தேடிப் போய் முதலில் தட்டின. ஆகவே அந்த வீட்டைப் பலப்படுத்தினால், இன்னும் பெயர் தெரியாத நான்காவது இடருக்கும் சேர்த்தே பலப்படுத்தியதாகும்.

எதை அளப்பது, எதைச் செய்வது

2003-இல் அமெரிக்காவின் சூசன் கட்டரும் அவருடன் ஆய்வு செய்தவர்களும் வருமானம், வயது, இனம், வீட்டின் தன்மை போன்ற பல விவரங்களைச் சேர்த்து ஒவ்வொரு மாவட்டத்துக்கும் சமூகப் பாதிப்புநிலைக் குறியீடு ஒன்றைக் கணக்கிட்டார்கள். இப்படிப்பட்ட குறியீடுகள் இன்று உலகெங்கும் பயன்படுகின்றன. எந்த மாவட்டத்துக்கு முதலில் உதவி போக வேண்டும் என்று அவை சொல்லும். ஆனால் மாவட்டக் கணக்கில் தறிக்குழி தெரியாது, முன்பணக் கடன் தெரியாது. ஊருக்கு ஏற்ற அளவுகோலை ஊருக்குள்ளேயே தேட வேண்டும்.

ஆரணிக்கு இரண்டு கேள்விகள் போதும். போன மழைக்காலத்தில் உங்கள் வேலை எத்தனை நாள் நின்றது? எத்தனையாவது நாளில் கடன் வாங்கினீர்கள்? தறி வைத்திருப்பவரை மட்டுமல்லாமல் தார் சுற்றுபவரையும் கேட்க வேண்டும். இரண்டாவது கேள்விக்கு 'மூன்றாம் நாள்' என்று பதில் வரும் வீடுகளைத் தெருவாரியாகக் குறித்தால், அதுவே ஆரணியின் பேரிடர் வரைபடம்.

செய்ய வேண்டியவை பெரிய வித்தைகள் அல்ல. தரையை உயர்த்தவும், குழியின் பக்கங்களைச் சிமென்ட் பூசி நீர் புகாமல் கட்டவும், முடிந்த வீடுகளில் தரைமேல் நிற்கும் தறிக்கு மாறவும் கடனுதவி வேண்டும். வாடகை வீட்டிலிருப்பவரும் அதைப் பெற வழி இருக்க வேண்டும். நெசவுத் தெருக்களின் வடிகால் ஐப்பசிக்கு முன் தூர்வாரப்பட வேண்டும். துணை வேலை செய்யும் பெண்கள் தங்கள் பெயரிலேயே பதிவு பெற வேண்டும். புயல் பற்றி வானிலைத் துறை சில நாட்கள் முன்பே சொல்லிவிடுகிறது. அந்தச் செய்தி தெருவுக்கு வரும்போது, பாவைக் கொண்டுபோய் வைக்க ஒரு மேடான பொதுக்கூடமும் இருந்தால் எச்சரிக்கை பயன்படும். ஒடிசாவில் 1999 பெரும்புயல் சுமார் பத்தாயிரம் பேரைக் கொன்றது. 2013-இல் ஃபைலின் புயல் வந்தபோது இறந்தவர்கள் ஐம்பதுக்கும் குறைவு. நடுவில் கடல் மாறவில்லை. புகலிடங்களும் எச்சரிக்கையும் வீடு வீடாகப் போய் மக்களை வெளியேற்றும் நிர்வாகமும் வந்திருந்தன.

இவற்றுக்கெல்லாம் மேலாக வேண்டியது மழைநாள் கூலி. ஒரு பட்டுச்சேலையின் விலையில் பட்டு, ஜரிகை, சாயம், கடை வாடகை, முதலுக்கான வட்டி எல்லாம் அடங்கியிருக்கின்றன. ஆண்டுதோறும் தவறாமல் தறி நிற்கும் அந்த நாட்களின் செலவு மட்டும் அதில் இல்லை. அதை நெசவாளியின் வீட்டார் தங்கள் சோற்றிலிருந்தும், தார் சுற்றும் பெண் தன் சோற்றிலிருந்தும் கட்டிவருகிறார்கள். சங்கமும் முதலாளிகளும் அரசும் ஆளுக்கொரு பங்கு போட்டு ஒரு மழைக்கால நிதி வைத்தால், அந்தச் செலவு அது சேர வேண்டிய கணக்கில் போய்ச் சேரும். சேலை சில ரூபாய் விலை ஏறலாம். அதை உடுத்தும் நாம் அந்த ரூபாயைக் கொடுக்கக் கடமைப்பட்டவர்கள்.